மூலை மடித்த விண்ணப்பங்கள்

மார்ச் 4, திங்கள்

இன்று முதல் எங்கள் கிடங்கில் வேலை கேட்டு வருகிறவர்களிடம் போலீஸ் வழக்கு உண்டா என்று கேட்கக் கூடாது. அரசாங்க உத்தரவு. விண்ணப்பத்திலிருந்தே அந்தக் கேள்வியை எடுத்தாயிற்று. ஒருமுறை தப்புச் செய்தவனும் பிழைத்துப் போகட்டும் என்று எந்தப் புண்ணியவானோ நினைத்திருக்கிறார். மேனேஜர் காலையிலிருந்து உம்மென்று இருந்தார். "கேக்கக் கூடாதுன்னா எப்படி ஆள் எடுக்கிறது? கண்ணைக் கட்டிக்கிட்டா?"

மார்ச் 6

வழி கண்டுபிடித்துவிட்டார். விலாசம்! திருட்டுக்குப் பேர்போன கால்வாய்க்கு அந்தப் பக்கம் குடியிருப்பவன் என்றால், விண்ணப்பத்தை வாங்கும்போதே அதன் மூலையை நான் மடித்து வைக்க வேண்டும். மடித்ததை அவர் தொடமாட்டார். "நாம எதையும் கேக்கல, எதையும் எழுதல. பேப்பர் தானா மடங்கிடுச்சு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான் பிறந்து வளர்ந்தது அந்தப் பக்கம்தான். கல்யாணம் ஆகி இந்தப் பக்கம் வந்தவள் என்று ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்து அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது.

மார்ச் 7

நகத்தால் அழுத்தித் தேய்த்தால் மடிப்பு நன்றாக நிற்கிறது.

மார்ச் 15, வெள்ளி

அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தான். அவன் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். அண்ணி வேறு முழுகாமல் இருக்கிறாள். எங்கள் கிடங்கில் ஆள் எடுப்பது தெரிந்து, போலீஸ் ஸ்டேஷனில் நாள் முழுக்கக் காத்துக் கிடந்து நன்னடத்தைச் சான்று வாங்கி, அதை லேமினேட் வேறு செய்து கொண்டுவந்திருக்கிறான், கிறுக்கன்.

"ஒரு பெட்டி கேஸ்கூட இல்லைன்னு போட்டிருக்கு, பாரு."

"அதை இனிமே நாங்க வாங்கிப் பாக்கக் கூடாதுண்ணே. பாத்தா கேட்ட மாதிரி ஆயிடும்."

"என் மேல ஒண்ணும் இல்லைன்னு காட்டறதுகூடவா தப்பு?"

முன்பென்றால் அந்த ஒரு தாள் போதும், பக்கத்து வீட்டுத் திருடன் வேறு, நான் வேறு என்று காட்டியிருப்பான். இப்போது எல்லாரையும் நல்லவர்களாகவே பார்க்க வேண்டுமென்று சட்டம் போட்டு, அந்தப் பக்கத்தில் எல்லாரையும் திருடனாக்கி வைத்திருக்கிறார்கள்.

எதற்கும் வந்து பார் என்றேன். "ஆனா என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. சூப்பர்வைசர் வேலைக்கு என் பேரு அடிபடுது."

"உன் பேரை நான் கெடுப்பேனாம்மா?" என்றான்.

மார்ச் 18

இஸ்திரி போட்ட சட்டையில் வரிசையில் நின்றான். மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் டீ குடித்துக்கொண்டு நின்றார்.

"குட் மார்னிங் மேடம்" என்று விண்ணப்பத்தை நீட்டினான் அண்ணன். மேடம்! என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவன்.

மடிக்காமல் விட்டிருக்கலாம். ஏன் என்று மேனேஜர் கேட்பார். கேட்டால் என்ன? இவர் என் அண்ணன், நான் உத்தரவாதம் என்று சொன்னால் வாய் வெந்தா போய்விடும்?

மடித்தேன். அவன் கண் முன்னாலேயே, நகத்தால் தேய்த்து.

வருஷக்கணக்கில் அச்சகத்தில் பிழையான தாள்களை மூலை மடித்து ஒதுக்கியவனுக்கு அது எதற்கென்று புரியாதா? "தேங்க்ஸ் மேடம்" என்று சிரித்துவிட்டுப் போனான். பாவி, ஏன் சிரிச்சான்? திட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா?

ஏப்ரல் 2

சூப்பர்வைசர் ஆகிவிட்டேன். வீட்டுக்காரர் கேக் வாங்கி வந்தார். என் துண்டை அவர் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 9

அண்ணி போன் செய்தாள். அண்ணன் ராத்திரி வேலைக்குப் போகிறானாம். நிற்கிற லாரிகளில் டீசல் உறிஞ்சி விற்கும் ஒருத்தனிடம். ஊசி என்று கூப்பிடுவார்களாம் அவனை. "ஒரு வாரக் கூலியை ஒரே ராத்திரியில குடுத்துடறான். விலாசமெல்லாம் கேக்கறதில்ல" என்றாள். குத்திக் காட்டினாளா, சும்மா சொன்னாளா?

"நீயாவது வேணாம்னு சொல்லக் கூடாதா?" என்று அழுதாள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்ல?

ஏப்ரல் 26

பிடித்துவிட்டார்கள். எங்கள் கிடங்கு லாரிகள் நிற்கும் இடத்திலேயே. ஊசி தப்பிவிட்டான், அண்ணன் மாட்டிக்கொண்டான். எங்கள் காவலாளிகள் அடித்ததில் வலது கை முறிந்துவிட்டதாம். மேனேஜர் அதைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு முதலில் அவன் கை ஞாபகம் வரவில்லை. என் பேரைச் சொல்லிட்டானோன்னுதான் தோணுச்சு. ச்சீ — நானெல்லாம் ஒரு மனுஷியா?

ஏப்ரல் 29, திங்கள்

எல்லார் முன்னாலும் மேனேஜர் என்னைப் பாராட்டினார். "போன மாசம் இங்க வேலை கேட்டு வந்தவன்தான் அவன். இவங்க அன்னைக்கே ஒதுக்கிட்டாங்க. அந்தப் பக்கத்து ஆளுங்களைப் பத்தி நான் சொன்னது தப்பா?" கைதட்டினார்கள்.

பிறகு என் மேஜைப் பக்கம் வந்தார். "உள்ள வேலை பாக்கற சொந்தக்காரங்க யாராவது துப்புக் குடுத்தாங்களான்னு ஸ்டேஷன்ல எவ்வளவு அடிச்சுக் கேட்டும், கூடப் பிறந்தவங்க யாருமில்லைன்னே சாதிக்கிறானாம். அநாதைப் பய போல."

"இருக்கும் சார்" என்றேன்.