ரேகை பொருந்திய புத்தகம்

அக்கா,

இன்று காலை கடை இழுப்பறையில் ஸ்டேப்ளர் பின் தேடியபோது கைக்கு வந்தது உங்கள் பென் டிரைவ். நீங்கள் ஒட்டிய வெள்ளைப் பிளாஸ்திரி ஓரத்தில் சுருண்டிருக்கிறது. அதன்மேல் பேனாவால் எழுதிய, உங்கள் புத்தகத்தின் பெயர் இன்னும் அழியவில்லை. மூக்கருகே கொண்டுபோனேன், ஆஸ்பத்திரி வாடை. நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் உங்கள் வீட்டில் சீனி டப்பாவுக்கும் மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் பிளாஸ்திரிதான். நான் கேலி செய்தால், "பேர் எழுதாத பாட்டில் விஷம் பாய்" என்பீர்கள்.

பென்ஷன் காகிதங்களை ஜெராக்ஸ் எடுக்கத்தான் முதன்முதலில் செண்பகனூரிலிருந்து டவுன் பஸ் ஏறி மூஞ்சிக்கல்லில் என் கடைக்கு வந்தீர்கள். நான் மெஷினைச் சூடாகவிட்டு போனில் ஒரு துப்பறியும் நாவல் படித்துக்கொண்டிருந்தேன். காகிதத்தை மறந்துவிட்டு, அந்தப் புத்தகம் எங்கே கிடைத்தது என்று கேட்டீர்கள். அன்று ஆரம்பித்ததுதான் நம் புத்தகப் பைத்தியம். நெட்டிலிருந்து நான் இறக்குவதை உங்களுக்கு அனுப்புவேன், நீங்கள் இறக்குவதை எனக்கு.

நம் ஊரில் இறக்குவது லேசான காரியமா? மேகம் இறங்கினால் சிக்னல் போகும், காற்று அடித்தால் கரண்ட் போகும். ஒருமுறை கொலைகாரன் யாரென்று சொல்லப்போகும் இடத்தில் புத்தகம் அறுந்து, மிச்சமெல்லாம் வெற்றுப் பக்கமாக வந்தது. வார்டில் டாக்டர்களிடம்கூடக் காட்டாத கோபத்தை என்னிடம் காட்டினீர்கள். அதன் பிறகுதான், சில தளங்களில் புத்தகத்துக்குக் கீழே நீளமாக ஒரு எண்ணும் எழுத்தும் கலந்த வரிசை போட்டிருப்பதைக் கவனித்தோம். கோப்பு முழுவதையும் கணக்குப் போட்டு அந்த வரிசையை எடுக்கிறார்கள். உள்ளே ஒரு காற்புள்ளி மாறினாலும் வரிசை மொத்தமாக மாறிவிடும். இறக்கியதற்கு நாமும் கணக்குப் போட்டு, இரண்டும் ஒன்றாக இருந்தால் வழியில் எதுவும் உதிரவில்லை, யாரும் கைவைக்கவில்லை என்று அர்த்தம். கைரேகை மாதிரி என்று சொல்லி, அதற்கு ரேகை என்று பெயர் வைத்தது நீங்கள்.

ரேகை பார்ப்பதற்கும் உங்கள் வார்டு வழக்கம்தான். ஊசி போடும் முன் ஒரு நர்ஸ் மருந்தின் பெயரை வாய்விட்டு வாசிக்க வேண்டும், இன்னொருத்தி சீட்டைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அதேபோல நீங்கள் போனில் ரேகையின் வால் பகுதியை ஒவ்வோர் எழுத்தாக வாசிப்பீர்கள், நான் என் திரையைப் பார்த்து "சரி" என்பேன். கடையில் ஆள் நிற்கும்போது நான் "சரி, சரி" என்று அவசரப்பட்டால் மறுபடி முதலிலிருந்து வாசிப்பீர்கள். வாடிக்கையாளர்கள் என்னை ஏதோ லாட்டரி ஆசாமி என்று நினைத்திருப்பார்கள். இரண்டு பேர் பார்த்தால் தப்பு நடக்காது என்பது உங்கள் நம்பிக்கை. எனக்கும் அது தொற்றிக்கொண்டது.

பிறகு நீங்களே எழுத உட்கார்ந்தீர்கள். இலங்கைத் தோட்டத்தில் தேயிலை பறித்த உங்கள் அம்மா, குடும்பம் இலங்கைக்கும் இந்தியாவுக்குமாகப் பிரிக்கப்பட்டபோது தங்கையை அங்கேயே விட்டுவிட்டுக் கப்பலேறிய கதை. மண்டபம் முகாம், அங்கிருந்து லாரி, கடைசியில் இந்த மலை. போனில் ஒவ்வோர் அத்தியாயமாகத் தட்டி, லேப்டாப்பில் ஒட்டி, திருத்தித் திருத்தி எத்தனை பிரதிகள்! எது புதியது எது பழையது என்று உங்களுக்கே குழம்பியது. "ஏலாது பாய், இது ஒரு நாள் என்னைக் கொல்லும்" என்று சிரித்தீர்கள்.

மதுரையில் இதய ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் உங்களுக்கு அவசரம் வந்துவிட்டது. புத்தகத்தை மின்னூலாக்கி, இறக்கும் இணைப்பை எனக்கு அனுப்பி, போன் செய்தீர்கள். சீசன் நேரம், கடை வாசலில் சுற்றுலாக்காரர்கள் நெரிசல். உள்ளறைக்குப் போய் ரேகை எடுத்தேன். நீங்கள் வாசித்தீர்கள், நான் பார்த்தேன். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

"சரியா பாய்?"

"சரிக்கா."

"அப்போ பழசையெல்லாம் அழிச்சிடுறேன். பழைய மருந்துச் சீட்டு வீட்ல கெடந்தா யாராச்சும் அதையே பாத்துக் குடுத்துருவாங்க."

உடனே நான் ஒரு குறும்பு பேசினேன், இன்றைக்கே உட்கார்ந்து படித்து முடித்துவிடுவேன் என்று. அதட்டிவிட்டீர்கள். "தொடக்கூடாது. நான் வந்து எதுத்தாப்புல உக்காந்த பெறகு படிங்க. கடைசி அத்தியாயத்துல ஒங்க மொகத்த நான் பாக்கணும்." மறுநாள் மதுரை போகிற வழியில் காரை நிறுத்தச் சொல்லி, பெயர் ஒட்டிய இந்தப் பென் டிரைவை நீட்டினீர்கள், ஒரு பிரதி இதிலும் போட்டு வைக்கச் சொல்லி. வெரசா வந்துருவீங்கக்கா என்றேன். தலையாட்டினீர்கள்.

மதுரையிலிருந்து உங்களை வேறு விதமாகத்தான் கொண்டுவந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து உங்கள் மகள் செல்வி கடைக்கு வந்தாள். அம்மாவின் புத்தகத்தை அச்சில் எடுத்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றாள். அன்றுதான் அதைத் திறந்தேன் அக்கா, எதிரே நீங்கள் இல்லாமல். மெஷின் பக்கம் பக்கமாகத் துப்ப, நான் எடுத்து அடுக்கிக்கொண்டே வந்தேன். கடைசித் தாள் பாதி வெள்ளையாக வந்தது. மெஷினில்தான் கோளாறு என்று நினைத்துத் திரும்ப எடுத்தேன். மறுபடி அதே பாதி. அந்தத் தாளில் கடைசி வரி இது:

"லாரி நின்றது. சுற்றிலும் மேகம். அம்மா கண்விழித்து"

அவ்வளவுதான்.

கடைசி அத்தியாயம் நீளமென்று சொல்லியிருந்தீர்கள். போனிலிருந்து லேப்டாப்புக்கு ஒட்டும்போதே பாதியில் அறுந்திருக்க வேண்டும். அறுந்ததைத்தான் மின்னூலாக்கினீர்கள், அறுந்ததற்குத்தான் ரேகை எடுத்தீர்கள், அறுந்தது அப்படியே பத்திரமாக என்னிடம் வந்து சேர்ந்தது. அனுப்பியது அப்படியே வந்திருக்கிறதா என்றுதான் ரேகைக்குச் சொல்லத் தெரியும். அனுப்பியதே முழுசா என்று அதற்கு எப்படித் தெரியும்? செல்வி உங்கள் போனையும் லேப்டாப்பையும் கோயம்புத்தூரில் ஒருவரிடம் கொடுத்துத் துழாவச் சொன்னாள். ஒன்றும் மிஞ்சவில்லை. நீங்கள் எதைச் செய்தாலும் சுத்தமாகச் செய்கிறவர் அல்லவா.

இரண்டு பேர் பார்த்தால் தப்பு நடக்காது என்றீர்கள். இரண்டு பேரும் பார்த்தோம் அக்கா, ஒரே இடத்தையே பார்த்தோம். யாராவது ஒருவர் கடைசிப் பக்கத்தைத் திறந்திருக்கலாம். தொடக்கூடாது என்று நீங்கள் சொன்னதை என் வாழ்நாளில் முதல்முறையாக நான் ஒழுங்காகக் கேட்டேன். என்னைப் போன்ற அவசரக்காரன் அன்றைக்குப் பார்த்தா அடங்கியிருக்க வேண்டும்?

செல்வி என்னிடம் ஒன்று கேட்டாள். "மாமா, அம்மா ஒங்ககிட்ட வாய்ல சொல்லிருப்பாங்கள்ல? நீங்க எழுதி முடிச்சிக் குடுங்க. இப்பிடி அறுந்தாப்புல எப்படிக் குடுக்கிறது?"

சொல்லியிருக்கிறீர்கள்தான். மெஷின் ஓடும் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி ஒருமுறை, செண்பகனூர் பஸ்ஸுக்கு நின்றபடி ஒருமுறை. மலையேறும் லாரியில் தூங்கிப்போன உங்கள் அம்மா, மேகத்துக்குள் கண்விழித்ததும் திரும்பத் தோட்டத்துக்கே வந்துவிட்டோம் என்று நினைத்து, அங்கே விட்டுவந்த தங்கையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். பதில் வரவில்லை. இடம் புரிந்ததும் ஒன்று சொன்னார்களாம். அந்த ஒன்றுதான் எனக்கு நினைவில் இல்லை. சிரித்தார்கள் என்று ஒருமுறை சொன்னீர்களா, ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள் என்றீர்களா, அதுவும் குழம்புகிறது. கடையில் நீங்கள் அதைச் சொன்ன நேரம் யாரோ ஆதார் கார்டை நீட்டினார்கள், நான் காப்பி எடுக்கத் திரும்பினேன். இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இருந்தும் எழுதிப் பார்த்தேன். கடைக்கு விடுமுறைவிட்ட ஒரு வெள்ளிக்கிழமை, தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன். உங்கள் அம்மா வாயில் நானே ஒரு வாக்கியத்தை வைத்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. கோப்பைச் சேமித்துவிட்டுப் பழக்கத்தில் ரேகை எடுத்தேன். நீங்கள் எனக்கு வாசித்த வரிசையே அதில் இல்லை. அது அப்படித்தான் மாறும் என்று தெரியும், தெரிந்தும் இன்னொரு முறை எடுத்துப் பார்த்தேன். புத்தகம் முழுசாகியிருந்தது, ஆனால் அது உங்களுடையதாக இல்லை. நான் எழுதியதை அழித்தேன்.

செல்விக்கு அறுந்தபடியே அச்செடுத்துக் கொடுத்தேன். அந்தப் பாதி வெள்ளைத் தாளையும் சேர்த்துத்தான் பைண்டிங் போட்டேன். உங்களிடம் கேட்டதில் நினைவிருந்ததை அவளிடம் வாயால் சொன்னேன், மறந்ததை மறந்துவிட்டேன் என்றே சொன்னேன். அழுதாள். பிறகு, தன் பிள்ளைகளுக்கும் இப்படியே சொல்லிக்கொள்வதாகச் சொல்லிப் புத்தகங்களை வாங்கிப்போனாள். அவளுக்கு என்மேல் வருத்தம் இருக்கும். எனக்கே இருக்கிறதே.

இப்போது எந்தப் புத்தகத்தை இறக்கினாலும் முதலில் கடைசிப் பக்கத்தைத் திறக்கிறேன். கதை முடிவு தெரிந்து ருசி கெட்டாலும் பரவாயில்லை. அதன் பிறகுதான் ரேகை. நானே வாசிக்கிறேன், நானே சரி சொல்லிக்கொள்கிறேன். மேகம் இறங்கி எதிர்க்கடை மறைகிற காலைகளில், ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்கிறேன். உங்கள் அம்மாவின் லாரி இந்த வழியாகத்தானே ஏறியிருக்கும்.

இன்று பென் டிரைவைச் செருகி ஒருமுறை சரிபார்த்தேன். நீங்கள் வாசித்த எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. சரியாக இருக்கிறது அக்கா.

அம்மா கண்விழித்து என்ன சொன்னார்கள்?