கோகிலா உன் இடுப்பில் ஏறிய நாள்

இன்று காலை கோகிலாவின் போர்வையை உதறினேன். உள்ளேயிருந்து உன் சேலை விழுந்தது. ஊதாவில் வெள்ளைப் பொட்டு போட்ட அந்தப் பழைய நூல் சேலை. உன் காரியம் முடிந்த அன்று, "அத்தையோட சேலை ஒண்ணு எனக்குக் குடுங்க மாமா" என்று உன் வீட்டுக்காரரிடம் அவளே கேட்டு வாங்கி வந்தது. துவைக்க விடமாட்டேன் என்கிறாள். துவைத்தால் உன் வாசனை போய்விடுமாம். நானும் எடுத்து முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய், தறிக்குடோனின் நூல் தூசி, நீ எந்நேரமும் வாயில் அடக்கிக்கொண்டிருக்கும் கிராம்பு. எல்லாம் அப்படியே இருந்தன. நான் கட்டும் சேலைகளும் இந்த வீட்டுக் கொடியில்தான் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட அவள் முகர்ந்து பார்த்ததில்லை.

போய்ச் சேர்ந்துவிட்ட ஒருத்தியை நினைத்து எனக்கு வயிறெரிகிறது. இதை வேறு யாரிடம் சொல்வேன்? கேட்டால் காறித் துப்புவார்கள். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

சூலூரில் வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்த லைன் வீட்டுக்கு நாம் இரண்டு பேரும் ஒரே வருஷம் வாழ வந்தோம். சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. ஒரே குடோனில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தறிக்காரர்கள் கேட்கக் கேட்கத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்தோம். உனக்கு இரண்டும் பையன்கள். எனக்குக் கோகிலா ஒருத்திதான். என் இடுப்பைவிட்டு இறங்கவே மாட்டாள். யார் கை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நீ முறுக்கைக் காட்டுவாய், கிலுகிலுப்பையைக் காட்டுவாய். ஒன்றும் பலிக்காது. "உங்கொம்மாள நானொண்ணும் புடுங்கிக்க மாட்டேன், ஒருக்கா வா கண்ணு" என்று கெஞ்சுவாய். அவள் என் கழுத்தை இன்னும் இறுக்கிக்கொள்வாள்.

பெண்பிள்ளைமேல் உனக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். உன்னிடம் மற்றதெல்லாம் இருந்தது. நிறம் இருந்தது. குரல் இருந்தது. அத்தனை தறிச் சத்தத்திலும் நீ ஒரு வார்த்தை சொன்னால் குடோனே சிரிக்கும். எனக்கு இருந்தது என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு கைகள்தான். அந்தப் பெருமை எனக்குப் போதுமானதாக இருந்தது.

அப்போது என் வீட்டுக்காரர் சூரத்தில் தறி ஃபிட்டராக இருந்தார். சூரத்தில் பிளேக் என்று டிவி செய்தியில் சொன்னபோது முதலில் எல்லோருக்கும் அது வேடிக்கைதான். "ஏனுங்க, உங்கூட்டு எலிக்குச் சளி கிளி புடிச்சிருக்குதுங்களா?" என்று டீக்கடையில் ஒருவரையொருவர் கேட்டுச் சிரித்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் சிரிப்பு நின்றுபோனது. மெடிக்கல் கடையில் டெட்ராசைக்ளின் மாத்திரை இல்லையென்றான். ஒரு தும்மல்கூட இல்லாதவர்கள் அதை வாங்கி விழுங்கிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தார்கள். ஆண்கள் முகத்தில் கர்ச்சீப் கட்டிக்கொண்டார்கள். பீடி குடிக்க அவிழ்த்து, குடித்து முடித்ததும் மறுபடி கட்டிக்கொண்டார்கள். கோயமுத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயிலுக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரி, அத்தனை கூட்டத்தை நோம்பித் திருவிழாவுக்குக்கூட அங்கே பார்த்ததில்லை என்றாள். வீட்டுக்கு வீடு வேப்பிலை. தெருவெல்லாம் சாம்பிராணிப் புகை.

ஒருநாள் குடோனில் தறிக்கு அடியில் ஓர் எலி செத்துக் கிடந்தது. அவ்வளவு பேரும் வெளியே ஓடினோம். முதலாளி சாலையில் நின்றுகொண்டு மண்ணெண்ணெய், மண்ணெண்ணெய் என்று கத்தினார். யாரும் உள்ளே போகவில்லை. நீதான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனாய். பழைய தகரத்தில் எலியை வாரிக்கொண்டு வந்து, குழி தோண்டி, அதன்மேல் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாய். "பாவம், பூனை கடிச்சுப் போட்டிருக்குது. கழுத்துல பல்லுப் பட்டிருக்குது பாருங்க" என்றாய். அன்று உன்னைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நானும்தான். ஆனால் எனக்கு உள்ளே சுருக்கென்று இருந்தது. எனக்கு ஏன் கால் எழவில்லை?

அதற்குப் பிறகு ஒரு முற்பகலில் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். சொல்லாமல் கொள்ளாமல், கையில் ஒரு பையோடு, கண் சிவந்து, உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டு. சூலூர் பஸ்ஸில் இருமியிருக்கிறார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கண்டக்டர் கேட்டிருக்கிறார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், "சூரத்துங்க" என்றிருக்கிறார். அடுத்த நிறுத்தத்தில் பாதி பஸ் இறங்கிவிட்டதாம்.

அவர் வாசலில் கால் வைத்த உடனே லைனில் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. நான் குழாயில் தண்ணீர் பிடித்துவிட்டு வந்ததும் ஒருத்தி வெந்நீர் ஊற்றிக் குழாயைக் கழுவினாள். பால்காரர் எட்ட நின்று, "அம்மணி, சொம்பைக் கீழ வெச்சுட்டுத் தள்ளி நில்லுங்க" என்றார். வீட்டு ஓனரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவிலேயே நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க அம்மணி. கொழந்தைகுட்டி இருக்கற எடமுங்க. ஊட்டைக் காலி பண்ணிக் குடுத்தீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமாப் போகுமுங்க."

நம் ஊரில் விரட்டும்போதும் மரியாதை குறையாது. அந்த 'ங்க' ஒவ்வொன்றும் முகத்தில் அறைவதுபோல் இருந்தது.

எஸ்டிடி பூத்துக்கு ஓடிப் பெருந்துறையில் இருந்த என் அண்ணனுக்குப் போன் செய்தேன். கோகிலாவை மட்டும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். "இப்ப வேண்டாம் கண்ணு. உங்கண்ணி பயப்படறா" என்றார். என் கூடப்பிறந்தவர்.

சுகாதாரத்துறை வண்டி வந்தது. கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் தனி வார்டு என்றார்கள். கூட ஒருத்தர் வரலாம், குழந்தை கூடாது என்றார்கள். அவரைத் தாங்கிப் பிடித்து ஏற்றினேன். ஒரு கையில் கோகிலா. வண்டிக்காரர் அவசரப்படுத்துகிறார். லைன் முழுக்க ஜன்னல் சந்தில் கண்கள். யாரிடம் கொடுப்பது?

உன் கதவு திறந்தது. நீ வாசலைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாய். உள்ளேயிருந்து உன் வீட்டுக்காரர் கத்தினார்.

"அந்தப் புள்ளையத் தொட்டீன்னா இந்த ஊட்டுப்படி ஏறாத!"

"அப்ப நான் படியிலயே உக்காந்துக்கறனுங்க" என்றாய், திரும்பிக்கூடப் பார்க்காமல். பிறகு கோகிலாவிடம் இரண்டு கையையும் நீட்டி, "வா கண்ணு" என்றாய்.

அவள் அழுது ஆர்ப்பாட்டம் செய்வாள், பிய்த்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அவள் உன்னைப் பார்த்தாள். சாய்ந்தாள். உன் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவுதான். வண்டி கிளம்பியபோது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உன் கழுத்து மணியைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். புருஷன் பிழைப்பாரா என்று தெரியாது. நான் பிழைப்பேனா என்றும் தெரியாது. சிங்காநல்லூர் தாண்டும்வரை நான் அழுதது அதற்காகவெல்லாம் இல்லை.

வார்டில் சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு ஓடுவார்கள். பக்கத்துக் கட்டில்காரர் இருமும்போதெல்லாம் நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வேன். என் வீட்டுக்காரர் ஜன்னியில் என்னென்னவோ பிதற்றினார். நான் நெற்றியில் ஈரத்துணி போட்டபடி யோசித்ததெல்லாம் ஒன்றுதான். கோகிலா சாப்பிட்டிருப்பாளா? சாப்பிட்டிருக்கக் கூடாது என்றும் ஒரு மனம் நினைத்தது. என்னைத் தேடி அழுதிருக்க வேண்டும் என்று நினைத்தது.

நீ அவளைக் கூட்டிக்கொண்டு வந்தாய். யாரும் அந்தப் பக்கம் தலைவைக்காத நேரத்தில், பஸ் பிடித்து, ஆஸ்பத்திரிக் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று என்னைக் கூப்பிட்டாய். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவளுக்கு உன் ரவிக்கைத் துணியில் ஒரு கவுன் தைத்துப் போட்டிருந்தாய். இரட்டைப் பின்னல், ரெண்டிலும் கனகாம்பரம். கையில் கடலை மிட்டாய். என்னிடம் தலைவார உட்கார்ந்ததே இல்லை அவள்.

"பாருடா கண்ணு, அம்மா! டாட்டா காட்டு!" என்று கத்தினாய். அவள் என்னைப் பார்த்தாள். வெட்கப்பட்டு, உன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். விருந்தாளியைப் பார்த்தால் குழந்தைகள் அப்படித்தான் செய்யும். நீ அவள் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினாய். அவளை எனக்குக் காட்டத்தான் அவ்வளவு தூரம் வந்தாய் என்று தெரியும். இருந்தாலும் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டேன்.

கடைசியில் பார்த்தால் அது மலேரியா. ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்கள் திரும்பி வந்தபோது குழாயைக் கழுவினவளே இளநீர் கொண்டுவந்தாள். "நாங்க அப்பவே நெனச்சமுங்க, சாதாக் காச்சலாத்தான் இருக்குமின்னு" என்றார் ஓனரம்மா. எல்லோரும் பேசி முடித்துப் போன பிறகு உன் வீட்டுக்கு வந்தேன். கோகிலா உன் மடியில் உட்கார்ந்து அரிசியும்பருப்பும் சாதம் தின்றுகொண்டிருந்தாள். கை நீட்டினேன். அவள் உன்னைப் பார்த்துக் கேட்டாள்:

"அம்மா, இவங்களும் சாப்பிட வந்தாங்களா?"

உன் பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "நான் அத்தை, கண்ணு. அதுதான் அம்மா" என்று அவசரமாகச் சொன்னாய். அவளைத் தூக்கி என் கையில் கொடுத்தாய். அவள் என் தோளில் கிடந்து உன்னை நோக்கிக் கையை நீட்டிக் கதறியது அந்த லைன் முழுக்கக் கேட்டது.

பிறகுதான் மற்றதெல்லாம் என் காதுக்கு வந்தது. நீயாகச் சொல்லவில்லை. குடோன் முதலாளி உன்னை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். உன் பையன்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். உன் வீட்டுக்காரர் சொன்னபடியே செய்திருக்கிறார். நீ என் மகளோடு பின்பக்கத் தாழ்வாரத்தில் படுத்திருக்கிறாய். இதையெல்லாம் கேட்டபோது எனக்கு நன்றி வந்தது, வராமலில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று வந்தது. இதற்கு ஈடாக உனக்கு நான் என்ன செய்ய முடியும்? ஒன்றுமே இல்லை. எந்தக் காலத்திலும் நீ எனக்கு ஒரு படி மேலேயே நிற்கப்போகிறாய். கோகிலா எதிரிலும்தான்.

அதனால்தான் சிங்காநல்லூருக்குக் குடிவந்தோம். அவருக்கு மில் வேலை பக்கம் என்று ஊருக்குச் சொன்னேன். நீ நம்பினதுபோலத் தலையாட்டினாய். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோகிலா தானே கவுனை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நிற்பாள். உன்னிடம் கூட்டிக்கொண்டு வருவேன். பொழுதோடு கூட்டிக்கொண்டு போவேன். திரும்பும் வழியெல்லாம் அத்தை சொன்னது, அத்தை செய்தது. அத்தை ரசம், அத்தை பாட்டு. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வருவேன்.

உனக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது எல்லாம் முற்றிவிட்டிருந்தது. நான் உன்னைப் பார்க்க வந்த கடைசித் தடவை நீ பாதியாக இளைத்திருந்தாய். வாயில் மட்டும் அதே கிராம்பு. பக்கத்தில் யாருமில்லை.

"ஏம்புள்ள, நான் போயிட்டா உனக்குக் கொஞ்சம் நிம்மதிதான?" என்றாய்.

"என்ன பேச்சு இது?"

"எனக்குத் தெரியாதா? நான் அவளைத் தூக்கறப்பெல்லாம் உன்ற மூஞ்சி போற போக்கைப் பாக்கோணுமே." சிரித்தாய், சிரிக்க வலித்தது உனக்கு. "உடு. எனக்கும் உன்னப் பாத்தாப் பொறாமைதான்."

"என்னப் பாத்தா? எங்கிட்ட என்ன இருக்குது?"

"அன்னைக்கு அந்த வண்டியில அவரு பின்னாடியே ஏறுனியே. சாவப் பத்தி நெனச்ச மாதிரியே தெரியல. அப்பறம் நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். என்றவருக்கு அப்படி வந்திருந்தா நான் ஏறியிருப்பனா? ஏறியிருக்க மாட்டேன் புள்ள. அப்படி ஏறோணும்னு தோண ஒரு மனுசன் இருந்தானே உனக்கு."

இத்தனை வருஷம் நான் மூடி மூடி வைத்ததை நீ ஒரு வார்த்தையில் எடுத்து வெளியே வைத்தாய். உன்னுடையதையும் பக்கத்திலேயே வைத்தாய். பொறாமைப்படுவதிலும் நீதான் என்னைவிடப் பெரிய மனுஷி. அதற்கும் சேர்த்து எனக்கு எரிந்தது.

உன்னைக் குளிப்பாட்டும் நேரத்துக்குத்தான் நாங்கள் சூலூர் வந்து சேர்ந்தோம். எண்ணெயும் தலைக்குத் தேய்க்கும் அரப்பும் கிண்ணத்தில் தயாராக இருந்தன. முன்னால் நின்று காரியம் பார்த்த அம்மா, "மொதல்ல மக எண்ணெய் வெக்கோணுமுங்க. பொம்பளப்புள்ள இருக்குதுங்களா?" என்று கேட்டார். "ரெண்டும் பசங்கங்க. நாத்தனாரு வெக்கட்டும்" என்றாள் ஒருத்தி. உன் நாத்தனார் எழுந்தாள்.

கோகிலா என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன சொல்வேனோ என்ற பயம் அந்தக் கண்ணில் தெரிந்தது. அந்தப் பயத்தை அவளுக்குக் கொடுத்தது நான்தான்.

"போ கண்ணு" என்றேன்.

"இது யாருங்க அம்மணி?" என்றார் அந்த அம்மா.

"மகதானுங்க" என்றேன்.

அவள் குனிந்து உன் தலையில் எண்ணெய் வைத்தாள். நீ அவளுக்கு வைத்துவிட்டதுபோலவே, வகிட்டில் தொடங்கி இரண்டு பக்கமும் மெதுவாக வழித்துவிட்டாள். பார்த்தவர்கள் எல்லோரும் அழுதார்கள்.

மகள் என்ற அந்தச் சொல்லை என்னிடம் யாரும் பிடுங்கவில்லை, நானேதான் சொன்னேன். சொன்னதற்கு வருத்தமில்லை. எரிச்சலும் குறையவில்லை. இரண்டையும் சேர்த்தேதான் வைத்துக்கொண்டிருக்கிறேன். என் தலைக்கும் ஒருநாள் அவள்தான் எண்ணெய் வைப்பாள். நன்றாகவே வைப்பாள், பழகின கை. அவள் முதன்முதலாக வைத்தது உனக்குத்தான்.