ஆர்கிட் இருந்த கிளை

ஆகஸ்ட் 3, ஞாயிறு
காலையிலிருந்தே தூறல். காடு காக்கும் குழுவோடு சோலைக்காட்டு ஓரத்தில், காட்டை அமுக்கும் வாட்டில் மரக் கன்றுகளைப் பிடுங்கினோம். கையுறை கிழிந்துவிட்டது, புதிது வாங்கணும். அட்டைக்கடி, இரண்டு காலிலும். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் நானும் செல்வியும் நைசாக நழுவி என் ஆர்கிட்டைப் பார்க்கப் போனோம். பாசி படிந்த அந்த வளைந்த கிளையில் மொட்டு விட்டிருக்கிறது!

போன வருஷம் நான் கண்டுபிடித்தது. எங்கள் குழுவில் அபூர்வச் செடி எது கிடைத்தாலும் யாரும் பிடுங்கிப் போகாமல் இருக்க, இடம் இரண்டு பேருக்குத்தான் தெரியலாம். கண்டவர், அவர் தேர்ந்தெடுக்கும் இன்னொருவர். தலைவர் ஸ்டீபன் அண்ணனுக்குக்கூடச் சொல்வதில்லை. நான் செல்வியைத் தேர்ந்தெடுத்தேன். பள்ளியிலிருந்து கூட்டாளி, வேறு யாரைச் சொல்வேன்?

"பூத்ததும் ரெண்டு பேரும் சேந்து வந்து பாப்போம்டி" என்றாள்.

6, புதன்
பேக்கரியில் சரியான கூட்டம். பிளம் கேக் தீர்ந்ததற்கு என்னிடம் கத்துகிறார்கள், நானா தின்றேன்? பில் போடும்போது ஒரு சென்னைப் பெண் தோழியிடம் போனைக் காட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பூ. பாசி படிந்த அதே வளைந்த கிளை.

எங்கே எடுத்தீர்கள் என்றேன்.

"வட்டக்கானல்ல. ஹோம்ஸ்டே அக்காவே கூட்டிட்டுப் போனாங்க, ஸோ ஸ்வீட்!"

ஹோம்ஸ்டே பெயரும் சொன்னாள். செல்வி வீட்டுக்காரர் நடத்துவது. பன் கேட்டவருக்குப் பப்ஸ் கொடுத்தேன். பூத்ததே எனக்குத் தெரியாது.

7, வியாழன்
லீவு போட்டுவிட்டு ஓடினேன். கிளை ஒடிந்து கிடக்கிறது. பாசியெல்லாம் உரிந்து, கீழே சிப்ஸ் பாக்கெட். செடி இல்லை. வேரோடு போய்விட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். செல்விக்குப் போன்.

"கெஸ்ட்டு ஆசையாக் கேட்டாங்கடி. ஒரே ஒரு தடவதான். நான் பாத்தப்ப நல்லாத்தான இருந்துச்சு."

"பிடுங்கிட்டுப் போயிட்டாங்கடி!"

"அதுக்கு நான் என்ன செய்ய? என்னமோ நீ பெத்த பிள்ள மாதிரி கத்துற. எனக்குச் சோலி கெடக்கு, வைக்கிறேன்."

பாவி.

10, ஞாயிறு
வெயில். குழுக் கூட்டம். செடி போனதை நான்தான் சொன்னேன். ஸ்டீபன் அண்ணன் கேட்டு முடிப்பதற்குள் செல்வி முந்திக்கொண்டாள்.

"சத்தியமா நான் யாருக்கும் சொல்லலண்ணே." விக்கி விக்கி அழுகை. இரண்டு பேர் அவளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

தெரிந்தது எங்கள் இருவருக்குத்தான். அவள் இல்லையென்றால் நான். எல்லார் கண்ணும் என் மேல்.

"கடைக்கு நாலு பேரு வருவாங்க. பேச்சுவாக்குல சொல்லிட்டியாம்மா?" என்றார் அண்ணன்.

போட்டோ, ஹோம்ஸ்டே, போனில் செல்வி பேசியது எல்லாம் சொன்னேன்; பொய் என்று அவள் இன்னும் சத்தமாக அழுதாள். போட்டோ காட்டிய பொண்ணு யாரு என்றார் அண்ணன். பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லையே நான், மடச்சி!

"சரிம்மா. கொஞ்ச நாளைக்குக் கன்னு பிடுங்க மட்டும் வா. உள்ள வரவேணாம்."

நான் காட்டிய காட்டுக்குள் இனி அவள் போவாள், நான் போகக் கூடாது. வயிறு எரிகிறது.

இறங்கும்போது பின்னாலேயே வந்தாள். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி நீட்டினாள்.

"குடிடி. ஹோம்ஸ்டே பேரு கெட்டா எங்க பொழப்பே போயிரும். உனக்குக் கோவந்தான, ஆறிரும்."

முகத்தில் ஊற்றியிருக்க வேண்டும். வாங்கிக் குடித்தேன். எனக்குப் பிடிக்குமென்று இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள்.