பார்க்கக்கூடாது என்று சொன்னேன்

என்னவருக்கு,

என் போனையும் நம் மகள் தனப்பிரியா எடுத்துப் படிக்கிறாள். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

போர்வெல் போட உங்கள் ரிக் வண்டி போகும் ஊரிலிருந்தெல்லாம் அவளுடைய பழைய போனுக்கு நீங்கள் அனுப்பும் ஸ்கேட்போர்டு வீடியோக்களை நேற்றுக் காலை அவளைப் பார்க்க விடவில்லை. "கெட்ட வார்த்தை பேசறாங்க சாமி" என்றேன்.

"இல்லீங்மா, பாட்டுத்தானே வருது?" என்றாள்.

அவள் பள்ளிக்குப் போனதும் எல்லாவற்றையும் பார்த்தேன். ஹெல்மெட் போட்ட பிள்ளைகள் விழுந்து எழுகிறார்கள். குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

தலை பின்னி, சோறு ஊட்டி, காய்ச்சலில் கூடவே இருப்பவள் நான். உங்கள் வீடியோ வந்தால்தான் அவள் முகம் மலர்கிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சாயங்காலம் பொய்யை ஒப்புக்கொண்டேன். "அப்ப நீங்களும் உக்காருங்மா" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

அடுத்த வீடியோவை என் போனுக்கு அனுப்புங்கள். அதையாவது நான் அவளுக்குக் காட்டியதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி