நாலாம் நம்பர் அருளப்பனுக்கு

என் ஆசை மச்சான் அருளு,

விழுப்புரத்தில் நம் வேலைக்குப் போகிற ரயில் இன்னும் கிளம்பவில்லை. நீ வழக்கமாக ஏறுகிற பெட்டியில் ஜன்னலோரமாக உட்கார்ந்து எழுதுகிறேன். திண்டிவனத்தில் ஏறவேண்டியவன் இங்கே எப்படி என்று கேட்பாய். நேற்று கோலியனூருக்கு வந்து உன் கல்லறையைப் பார்த்துவிட்டு, இங்கே அக்கா வீட்டில் தங்கிவிட்டேன்.

உன் கல்லறைக்கு மெர்சி வெள்ளையடித்திருக்கிறாள். உன் சின்ன மகள் உன்னைப்போலவே உயரமாகிக்கொண்டு வருகிறாள். என்னைப் பார்த்ததும் மெர்சி, "இன்னாண்ணா, மொகமே சரியில்ல? தூங்கலியா?" என்றாள். வேலை ஜாஸ்தி என்று சொல்லி மழுப்பினேன். "அவரு இருந்தா இந்நேரம் வாயப் புடுங்கிக்கினு இருப்பாரு" என்று சொல்லிவிட்டு மெழுகுவத்தியைக் கொளுத்தினாள். உனக்கு மட்டும் சொல்கிறேன்.

ரயில் நகர்ந்துவிட்டது. வயலெல்லாம் தண்ணீர் கட்டி நிற்கிறது, அதன்மேல் பனி. கண் செருகினால் போதும், சக்கரச் சத்தம் நம் தீயணைப்பு வண்டியின் பம்பு ஓடுகிற மாதிரியே கேட்கிறது. அந்தச் சத்தத்துக்குள் நீ நிற்கிறாய். வால்வுமேல் கை, என்மேல் கண். சட்டை மட்டும் ஈரமாகவே இருக்கிறது. ஏன் மச்சான், அங்கேயும் மழையா?

உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். நம் ராணுவக் கிடங்கின் தீயணைப்பு வண்டிக்கு ஆறு பேர், ஆளுக்கொரு நம்பர். நான் ஒன்று, உத்தரவு கொடுப்பவன். நீ நாலு, பம்பின் வால்வைத் திறப்பவன். இத்தனை வருஷத்தில் நான் குரல் கொடுத்து நீ தாமதித்தது ஒருநாளும் இல்லை. நெஞ்சுவலி வந்த அன்றைக்குத்தான் யாரையும் கூப்பிடாமல் போய்விட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நீ போன கையோடு உன் இடத்தையும் ரத்து செய்துவிட்டார்கள். செலவைக் குறைக்க வேண்டுமாம். ஐந்தாவது ஆள் இனிமேல் நாலு, ஆறாவது ஆள் இனிமேல் ஐந்து என்று ஒரு தாள் வந்தது. கிழிந்த குழாய்க்குப் பதில் புதுசு கேட்டோம், ஒட்டுப்போட்டு ஓட்டச் சொன்னார்கள். ஆனால் வாசலில் பளபளவென்று கிரானைட் வந்தது, சுற்றிலும் புல்தரை வந்தது. பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று நம் வண்டியைக் கொண்டுபோய்ப் புல்லுக்குத் தண்ணீர் விடச் சொன்னார்கள். விட்டேன் மச்சான். நெருப்புக்குப் போகிற வண்டியில் ஏறிப்போய்ப் புல்லை நனைத்துவிட்டு, சரி சார் என்று சல்யூட்டும் அடித்தேன்.

ஐந்தாக இருந்த கெடார் ஊர்ப் பெருமாள்தான் உன் நம்பருக்கு வந்தான். பயிற்சியில் எண்களைச் சொல்லும்போது மூன்றுக்குப் பிறகு எல்லோருக்கும் ஒரு மூச்சு தடங்கும். பெருமாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கடன் வாங்கினவன் மாதிரி மெதுவாக "நாலு" என்பான். முதலில் சிரித்தோம். பிறகு யாரும் சிரிப்பதில்லை.

போன மாதம் மத்தியானச் சோற்று வேளையில் தார்ப்பாய்க் கொட்டகை பற்றிக்கொண்டது. போய் நின்றோம், குழாயை விரித்தாயிற்று. திற என்று கத்தினேன். தண்ணீர் வரவில்லை. மறுபடியும் கத்தினேன். பெருமாள் பழைய பழக்கத்தில் ஐந்தாம் நம்பர் இடத்தில் குழாயைத் தாங்கிக்கொண்டு நிற்கிறான், வால்வு பக்கத்தில் ஒருவரும் இல்லை. நானே ஓடிப்போய்த் திறந்தேன். அதற்குள் கொட்டகை போய்விட்டது. குழாய் முனையைப் பிடித்திருந்தவனுக்குக் கழுத்தெல்லாம் கொப்புளம். இப்போது தேவலாம்.

விசாரணை வைத்தார்கள். 'நாலாம் நம்பர் பெருமாள் தன் இடத்தில் இல்லை, கவனக்குறைவு' என்று எழுதி என் கையெழுத்துக்காக வைத்திருக்கிறார்கள். அந்த ஆள் ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷம்கூட இல்லை. இத்தனை வருஷ வேலை அந்த ஒரு வரியில் அசிங்கப்பட்டுப் போகும். ஆபீஸ் கிளார்க், "பேஜாரு பண்ணாதீங்க சேகர். ஜல்தியா போட்டுக் குடுங்க. இல்லன்னா ஒங்க தலையில வந்து விடியும். புரொமோஷன் வேற வர்ற நேரம்" என்றார். இரண்டு நாள் லீவு கேட்டு வந்துவிட்டேன். இன்றைக்குப் போனால் பதில் சொல்லியாக வேண்டும்.

விக்கிரவாண்டி தாண்டிவிட்டது. தூங்கினேனா, தெரியவில்லை. நீ பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாய். கடலைத் தோலை ஜன்னலுக்கு வெளியே ஊதிவிட்டு, "அப்பறம்?" என்றாய். சரி, மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு நான் 'நாலு, திற' என்று கத்தவில்லை. 'அருளு, தொற' என்று கத்தினேன். இரண்டு தடவையும் உன் பெயர்தான் வந்தது. விசாரணையில் இதை நான் சொல்லவில்லை. அந்த இரைச்சலில் அது காதில் விழுந்தது பெருமாள் ஒருத்தனுக்குத்தான், அவனும் சொல்லவில்லை. கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டான். ஏன் என்று கேட்டேன்.

"நீ புள்ளகுட்டிக்காரன்பா. நான் போவப்போற ஆளு, உடு. நீ அருளுன்னு கூப்ட்டப்போ எனக்கும் ஒண்ணும் தப்பாவே படல. அவன் தொறப்பான்னுதான் நானும் பாத்துக்கினு நின்னேன்."

திண்டிவனம் வந்து நின்றது. இறங்கி வீட்டைப் பார்க்கப் போய்விடலாமா என்றிருந்தது. வாசல்வரைக்கும் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரயில் கிளம்பியதும் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் மச்சான். வேறு தாள் கேட்டு வாங்கி என் கையாலேயே எழுதப்போகிறேன். பெருமாள்மேல் குற்றமில்லை, நெருப்புக்கு முன்னால் நின்று நான் கூப்பிட்டது செத்துப்போன ஒருவனை, அவன் செய்த வேலைக்கு நீங்கள் புது ஆள் வைக்கவில்லை என்று எழுதுவேன். புரொமோஷன் போனால் போகட்டும். என்னையே தூக்கினாலும் தூக்கட்டும். பயமாகத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் சத்தியமாகச் சொல்கிறேன். எங்கே பற்றி எரிந்தாலும் இனி உன்னைக் கூப்பிட மாட்டேன். நீ தூங்கு.

உன் பிள்ளைகளுக்குத் தாய்மாமன்,
சேகர்