வரப்போகிற ஆளுக்கு ஒரு பலகை

6 பிப்ரவரி 1955, ஞாயிறு

இன்றைக்கும் கோயிலுக்குப் போகவில்லை. திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஐந்து பிள்ளைகளுக்கும் தலை வாரி, பவுடர் அப்பி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினால், ஜட்கா ஓட்டுகிற தாவூது பாய் கீழே இறங்கி எங்களை ஒரு பார்வை பார்த்தார். "யம்மா, நானும் புள்ளகுட்டிக்காரன்தான். ஆனா குதுர எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கீது. அத்தக் கொன்னுடாதீங்க" என்றார். மாமியார் கெங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு மானம் போயிற்று. பாதிப் பேரை விட்டுவிட்டுப் போனால் விட்டதெல்லாம் தெருவில் புரளும். யாரும் போகவில்லை. பூசைத் தேங்காய் சட்னி ஆயிற்று.

சாயங்காலம் இவர் கடற்கரையிலிருந்து வந்ததும் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டு, "சரி வுடு குணா, காரே வாங்கிடலாம்" என்றார், ஏதோ வெற்றிலை வாங்குகிற மாதிரி. கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்த மனுஷர்! இப்போது ஐஸ் பெட்டியில் மீன் அடைத்துப் பெங்களூருக்கு ரயிலேற்றுகிறார். வாங்கட்டுமே. நானும் காரில் போய் இறங்கினால் என்ன குறைந்துவிடும்?

வயிற்றில் இருப்பதோடு சேர்த்து ஆறு. இதோடு போதும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியாகிவிட்டது. அவரும் தலையாட்டினார்.

13 பிப்ரவரி, ஞாயிறு

மஜீது பாயின் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு வண்டி பார்த்தோம். ஒன்று சின்ன மாரிஸ் மைனர், கரும்பச்சை நிறம், துடைத்து வைத்த குத்துவிளக்காட்டம் இருந்தது. எனக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. ஆனால் பின்சீட்டில் நான்கைத் திணித்ததுமே மனோகரன் பச்சையம்மாவைக் கிள்ள, அவள் அவனைக் கடிக்க, கதவைச் சாத்துவதற்குள் ரணகளம். ஆசையை அங்கேயே விட்டுவிட்டேன்.

இன்னொன்று, சீமைக்குத் திரும்பிப்போகிற ஒரு வெள்ளைக்காரருடையது. ஸ்டேஷன் வேகனாம். பின்பக்கம் முழுக்க மரப்பலகை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மூன்று வரிசை சீட்டு. ஒன்பது பேர் தாராளமாகக் குந்தலாம் என்றார் மஜீது பாய். இவர் இஞ்சின் பக்கமே போகவில்லை. வண்டியைச் சுற்றி வந்து பலகையை முட்டியால் தட்டினார், மோந்து பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். "நைனா, இஞ்சின் இந்தப் பக்கம் கீது" என்று மஜீது பாய் மூடியைத் திறந்து காட்டினால், "இஞ்சின நீ பாத்துக்கோ பாய். கட்ட நல்ல கட்டயா கீதே!" என்கிறார். பிறகு ஐந்து பிள்ளைகளையும் ஒரே பக்கமாக உட்காரவைத்து, பின்னால் போய்க் குனிந்து, வண்டி சாய்கிறதா என்று பார்த்தார். கட்டுமரத்துக்கு ஆள் ஏற்றிப் பார்க்கிற புத்தி எங்கே போகும்? சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு இழுத்துக்கொண்டது.

சரி, இதுவே இருக்கட்டும் என்றேன். நாங்கள் இருவர், மாமியார், பிள்ளைகள் ஆறு. ஒன்பதும் சரியாகிவிட்டது. அப்புறமும் அவர், "சாமான் வெக்கிற எடத்துல குறுக்கால ஒரு பலக போட்ரு பாய்" என்றார்.

"பலகை எதுக்குய்யா? நம்ம எல்லாரும்தான் குந்தியாச்சே" என்று கேட்டேன்.

"இருக்கிற ஆளுக்கா படகு கட்டுவாங்க? வரப்போற ஆளுக்குக் கட்டணும்டி."

மஜீது பாய் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

2 மார்ச்

கருவாட்டு வாசனை வந்தாலே குமட்டுகிறது. காசிமேட்டில் குடியிருந்துகொண்டு இது என்ன வயிறோ!

20 மார்ச், ஞாயிறு

வண்டி வந்துவிட்டது. மாமியார் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள், பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். தெருவே கூடிவிட்டது. எனக்குப் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்? புதுப்புடவை கட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

மத்தியானம் தூங்கி எழுந்து பார்க்கிறேன், இந்த மனுஷர் ஒரு டப்பா சுறா எண்ணெயை வைத்துக்கொண்டு காரின் பலகை முழுக்கப் பூசிக்கொண்டிருக்கிறார்! படகுக்குப் பூசுவது மாதிரி. "உப்புக் காத்துடி. பூசலேன்னா கட்ட உளுத்துடும்" என்கிறார். ஊர்ப் பூனையெல்லாம் எங்கள் வாசலில். பச்சையம்மா பள்ளிக்கூடத்துக்கு இந்த வண்டியில் வரமாட்டேன் என்று அழுகிறாள்.

இந்தத் தடவை பிரசவம் வீட்டிலேயே இருக்கட்டும், ஆஸ்பத்திரி எதற்கு என்கிறார் இவர். கடைக்குட்டி துரை பிறந்தபோது பட்டது மறந்துவிட்டதா என்றேன். "அதான் நல்லாயிட்டியே" என்றார்.

24 ஏப்ரல், ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

காலையில் எல்லோருமாக வண்டியில் கோயிலுக்குப் போனோம், மாமியார் மட்டும் வரவில்லை. நல்ல தரிசனம். திரும்பும்போது வழியில் எங்கள் ஆஸ்பத்திரி டாக்டரம்மா, ரிக்‌ஷாவின் சக்கரம் கழன்று தெருவில் நின்றுகொண்டிருந்தார்கள். துரையைப் பெற்றபோது என்னைப் பிழைக்க வைத்தவர்கள். இவரும் பார்த்தார், பார்த்தது எனக்குத் தெரியும். ஆனால் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். "யோவ், டாக்டரம்மா! நிறுத்துய்யா!" என்று நான் கத்தியபிறகுதான் நிறுத்தினார்.

பின்னால் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சுறா எண்ணெய் நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "நான் சுத்த சைவம்மா. அன்னைக்கு நீ ஒரு கூடை வஞ்சிரம் குடுத்தனுப்பினியே, ஆஸ்பத்திரி ஆயாங்களுக்கெல்லாம் ஒரே விருந்து!"

"நீங்க கேட்டீங்கன்னுதானேம்மா அனுப்பினேன்?"

"நானா? மீனா கேட்டேன்? யார் சொன்னது?"

யார் சொன்னது! துரை பிறந்தபோது ரத்தம் நிற்காமல் போய், நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியாமல் கிடந்தேன். கண் விழித்தபோது கதவு வழியாகப் பார்த்தேன். தாழ்வாரத்தில் டாக்டரம்மா இவரிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "வஞ்சிரம் கெடைக்குமான்னு கேட்டாங்க" என்றார். அதை நம்பி நல்ல வஞ்சிரமாகப் பொறுக்கி நானே கூடையில் அடுக்கினேனே!

அப்போதுதான் டாக்டரம்மா என் வயிற்றைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது. "இது எப்படி? உன் வீட்டுக்காரர்கிட்ட அத்தனை சொன்னேனே."

"என்ன சொன்னீங்க?"

முன்சீட்டில் இருந்தவர் ஆளில்லாத ரோட்டில் ஆரன் அடித்தார். டாக்டரம்மா அவர் பிடரியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்கள். "போன தடவையே நீ பிழைச்சது பெரிசு. இன்னொரு பிரசவம் உன் உடம்பு தாங்காது, உயிருக்கே ஆபத்துன்னேன். பிள்ளை பிறக்காம இருக்க ஆபரேஷன் பண்ணிடலாம், கையெழுத்துப் போடுங்கன்னேன். வீட்ல கேட்டுட்டு வரேன்னு போனவர்தான்."

வீட்டில் யாரைக் கேட்டார்? கேட்க வேண்டிய ஆள் நான், கதவுக்கு அந்தப்பக்கம்தானே கிடந்தேன்?

பின்பலகையில் பிள்ளைகள் ஆட்டம் போட்டுக்கொண்டு வந்தார்கள். டாக்டரம்மா இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே மாசாமாசம் வந்து காட்டு. பிரசவம் என்கிட்டதான். அன்னைக்கே ஆபரேஷனையும் முடிச்சிடலாம். அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லு" என்றார்கள். இவர் இறங்கி வந்து அவர்களுக்குக் கதவு திறந்துவிட்டார். என்ன மரியாதை!

25 ஏப்ரல்

கேட்டேன். வாய் ஓய்கிற வரைக்கும் கேட்டேன்.

"நீ பயந்துடுவேன்னு சொல்லலே" என்றார் முதலில். யாரு பயந்தது? பெத்தவ நானு, ரத்தம் போனது எனக்கு. எனக்குச் சொல்லாம எனக்காக நீ பயந்தியா? என் உசுரைப் பத்தி ரெண்டு பேர் தாழ்வாரத்துல பேசிக்கிட்டாங்க, எனக்கு மீன் கதை.

அப்புறம் டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். எதுவும் எடுபடவில்லை என்றதும் கடைசியில் உண்மை வந்தது. "எங்கூடப் பொறந்தவனுங்க மூணு பேரும் ஒரே புயல்ல பூட்டானுங்க. நான் ஒண்டியா நிக்கிறேன் குணா. வூடு நெறய ஆளு வோணும் எனக்கு."

அவர் கண்ணில் தண்ணீர். எனக்கு மனசு இளகவில்லை. "உன் அண்ணன் தம்பிங்களயெல்லாம் நான் பெத்துத் தரணுமா? அதுக்கு நான் செத்தாலும் பரவால்லியா?" என்று கேட்டேன். எழுந்து போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

பதினோரு வருஷம் இந்த ஆளுக்கு நான் சோறு போட்டிருக்கிறேன்.

9 மே

மாமியாருக்கும் தெரிந்துதான் இருக்கும். இல்லாமலா? வேளாவேளைக்கு எனக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்கிறாள். குடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

19 ஜூன், ஞாயிறு

துரை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். கையெழுத்துப் போடுகிறேன், நான் கூடவே இருப்பேன், வலி கண்டதும் வண்டியில் வைத்துப் பூ மாதிரி கொண்டுபோய் இறக்குவேன் என்றார். பிள்ளை தலையில் அடித்துச் சொல்கிறவர் பொய் சொல்வாரா? நம்பத்தான் வேண்டியிருக்கிறது. வேறு யாரை நம்புவது?

31 ஜூலை

கால் வீங்கிவிட்டது. செருப்பு நுழையவில்லை.

21 ஆகஸ்ட், ஞாயிறு. ஆஸ்பத்திரி

உயிரோடு இருக்கிறேன். பச்சையம்மாவிடம் இந்த டைரியைக் கொண்டுவரச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அடுப்பண்டை நிற்கும்போது வலி எடுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, "வந்துடுச்சிய்யா, வண்டிய எடு" என்றேன். என்னைப் பார்த்தார். சாவியை எடுத்தார். சட்டை போட்டுக்கொண்டார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. வாசலுக்குத் திருப்பிக்கொண்டு வருகிறார் என்று துணி மூட்டையோடு நின்றேன். சத்தம் தேய்ந்து போய்க்கொண்டே இருந்தது. பச்சையம்மா தெருமுனை வரை ஓடிப் பார்த்துவிட்டு வந்து, "நைனா எண்ணூர் பக்கம் போயிட்டாரும்மா" என்றாள்.

என்னைப் பார்த்துட்டுத்தான் போனான். வலியில நான் சுவரைப் புடிச்சிக்கினு நிக்கிறதைப் பார்த்துட்டுத்தான் போனான்.

தாவூது பாயின் ஜட்காவில்தான் போனேன். மாமியார் மடியில் என் தலை, கால்மாட்டில் பச்சையம்மா. பாய் குதிரையை விரட்டிக்கொண்டே, "அல்லா, அல்லா" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தது நினைவிருக்கிறது. அதற்குமேல் எனக்கு நினைவு இல்லை, பச்சையம்மா சொல்லித்தான் தெரியும். குழந்தை பிறந்தும் ரத்தம் நிற்கவில்லையாம். கர்ப்பப்பையையே எடுத்தாக வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்து எங்கே என்று டாக்டரம்மா வெளியே வந்து கேட்டார்களாம். மாமியாருக்கு அதுவரை ஒன்றுமே தெரியாதாம். டாக்டரம்மா சொல்லச் சொல்ல மார்பில் அடித்துக்கொண்டாளாம்.

"அவன் கையெழுத்து இன்னாத்துக்கு? அவனையே பெத்தவ நானு. என் கைநாட்டு செல்லாதா?" என்று கட்டை விரலை நீட்டினாளாம். டாக்டரம்மா மைப்பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்களாம்.

இந்தப் பொம்பளையையா நான் சந்தேகப்பட்டேன்!

நேற்று எனக்குக் கஞ்சி ஊட்டும்போது தானாகவே சொன்னாள். "என் மூணு புள்ளைங்கள கடலு தூக்கிகினு போச்சு. அது போன எடத்துல வேற ஒண்ணு வந்து குந்தாதுடி. அது எனக்குத் தெரியும். அந்தக் கம்னாட்டிக்குத்தான் தெரியலே." பிறகு முந்தானையில் மூக்கைச் சிந்திவிட்டு, "ஆ காட்டு" என்றாள்.

பெண் குழந்தை. நல்ல கறுப்பு, நிறைய முடி.

23 ஆகஸ்ட்

இவர் வந்தார். ஆபரேஷனுக்கு மறுநாளே வந்தாராம், மாமியார் வாசலோடு திருப்பி அனுப்பினாளாம். இன்றைக்கு விட்டிருக்கிறாள்.

"எங்கய்யா போனே?" என்றேன்.

"எண்ணூர் முகத்துவாரத்தாண்ட."

"அங்க இன்னா பண்ணே?"

"சும்மா... வண்டிலயே குந்திகினு இருந்தேன்."

கத்தலாம் என்று பார்த்தேன், வயிற்றில் தையல். அவர் கொண்டுவந்த ஆரஞ்சுப் பழத்தைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டேன்.

28 ஆகஸ்ட், ஞாயிறு

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் காரைக் கழுவிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, முழுக்கைச் சட்டையில், மாப்பிள்ளை மாதிரி நின்றார். பின்சீட்டில் மெத்தை கூட விரித்திருந்தார்.

நான் பச்சையம்மாவை அனுப்பித் தாவூது பாயைக் கூப்பிட்டு வரச் சொன்னேன்.

"குணா" என்றார். நான் திரும்பவில்லை. மாமியார் முதலில் ஜட்காவில் ஏறி, குழந்தையை வாங்கிக்கொண்டு, எனக்குக் கை கொடுத்தாள். பிள்ளைகள் காரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். பிறகு மனோகரன் வந்து ஏறினான். அவன் பின்னாலேயே மற்றதும். ஒன்றின் மடியில் ஒன்றாக அத்தனை பேரும் அடைந்துகொண்டோம். தாவூது பாய் குதிரையைப் பற்றி இன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இறங்கி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார்.

கார் எங்கள் பின்னாலேயே வந்தது. முந்திக்கொண்டு போகவில்லை, ஆரன் அடிக்கவில்லை. குதிரை நடக்கிற வேகத்திலேயே, உள்ளே அவர் ஒருத்தர் மட்டும். துரை பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, நைனாவுக்குக் கையாட்டிக்கொண்டே வந்தான். காசிமேடு திரும்புவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான்.