மஞ்சளைப் பார்த்து வராதீர்கள்

என் அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

வணக்கம். நானும் சின்னவளும் சுகம். உங்கள் அக்காவின் முழங்கால் வலி பழையபடிதான். பாதிக் கடிதத்தில் தூங்கிவிடுகிற ஆள் நீங்கள், அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரும்பி வரும்போது கரையில் தெரியும் மஞ்சள் சுவரை நம்பித் தோணியைத் திருப்பாதீர்கள். அது நம் பழைய விடுதி இல்லை.

நீங்கள் சரக்கு இறக்கும் மூன்று துறைமுகங்களுக்கும் இதையே எழுதிப் போட்டிருக்கிறேன். மூன்றும் கிடைத்தால் கூட இருப்பவர்களிடம் காட்டிச் சிரிக்க வேண்டாம்.

உப்பு வியாபாரி விடுதியை விற்றுவிட்டார். வாங்கியவர் வெளியூர்க்காரர். மறுபடியும் ஆட்கள் தங்கும் விடுதியாகவே நடத்தப் போகிறாராம். சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது பாருங்கள். கப்பல் பயணிகளுக்கென்று கட்டினார்கள், அப்புறம் காய்ச்சல்காரர்களைக் கொண்டுவந்து படுக்க வைத்தார்கள், அப்புறம் பள்ளிக்கூடம். ஒரே வகுப்பில் நீங்கள் இரண்டு வருஷம் உட்கார்ந்த பெருமை அந்த மேல்மாடி அறைக்குத்தான். அதற்கும் பிறகுதான் உப்பு மூட்டைகள். அறைகளைக் கூட்டித் துடைக்கப் புது முதலாளி என்னை வைத்துக்கொண்டார்.

மத்தியானத்தில் மாடியில் தனியாக நின்றால் இது எந்த வருஷம் என்றே எனக்குத் தெரிவதில்லை. ஜன்னலைத் திறந்ததும் தண்ணீரின் வெளிச்சம் மேலே ஏறிக் கூரையெல்லாம் அசைகிறது. சுவரைத் துடைத்தால் உப்பு உதிர்கிறது. உப்புக்கு அடியில் பிள்ளைகள் எழுதிய வாய்ப்பாடு, அதற்கும் அடியிலிருந்து மருந்து வாசனை. ஒரு நாள் துடைப்பத்தோடு உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். விடுதி மெல்ல நகர்ந்து கடலுக்குள் போகிறது. அறைக்கு அறை ஆட்கள். படுத்திருப்பவர்கள், பாடம் ஒப்பிப்பவர்கள், மூட்டைமேல் சாய்ந்திருப்பவர்கள். யார் முகத்திலும் பயமில்லை. நீங்கள் மட்டும் கரையில் நின்றுகொண்டு, சுக்கான் பிடிக்கத் தெரியாத கூட்டம் என்று எங்களைத் திட்டுகிறீர்கள். விழித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் அல்லவா கடலில் இருக்கிறீர்கள்!

விஷயத்துக்கு வருகிறேன். எத்தனை கை மாறினாலும் கடலைப் பார்த்த சுவரின் மஞ்சளை யாரும் மாற்றியதில்லை. அந்த மஞ்சளும் பின்னாலிருக்கும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே நேராகத் தெரிந்தால் வழி, விலகினால் பாறை. இதை நம் சின்னவளே சொல்லுவாள். மழைக்கு முன்னால் தோணிக்காரர்கள் முறை வைத்துச் சுவருக்கு மஞ்சள் அடிப்பீர்கள். இந்த வருஷம் யார் முறை? போய்விட்டு வந்து அடிக்கிறேன் என்று வாளியைப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கிளம்பிய மகராசன் யார்? சுவர் வெளுத்துப்போய்க் கிடந்தது. கேட்பாரற்ற சுவர் என்று நினைத்து முதலாளி வெள்ளை அடிக்கச் சொல்லிவிட்டார்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. உங்கள் வாளியிலிருந்த மஞ்சளை வீணாக்கப் பெயின்டருக்கு மனசு வரவில்லை. தெற்கே, பாறைப் பக்கம் புதிதாகப் போட்டிருக்கும் சமையல் கொட்டகைக்கு அதை அடித்துவிட்டார். அடித்ததோடு என்னைக் கூப்பிட்டுப் பெருமையாக வேறு காட்டினார். தூரத்திலிருந்து மாடியா கொட்டகையா என்று தெரியாது, நிறம் மட்டும்தான் தெரியும் என்று நீங்கள்தானே சொல்லியிருக்கிறீர்கள்? கொட்டகையையும் தொட்டியையும் நேராக வைத்து வந்தால் தோணி பாறையில்தான் ஏறும்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். கெட்டவர் இல்லை, உட்காரச் சொல்லிக் கேட்டார். திறப்பு விழா முடியட்டும், பார்க்கலாம் என்றார். கரையில் இருக்கும் தோணிக்காரர்கள் எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள், தெரியாமல் வெளியே இருப்பது என் வீட்டுக்காரர் தோணி மட்டும்தான் என்றேன்.

"ஒரே ஒரு தோணிக்காக நான் என்னம்மா பண்றது?" என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். நான் பேசாமல் எழுந்து போனால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும், பாவம் அவருக்குத் தெரியாது. மறுநாள் விடிந்தும் விடியாமல் படகுத்துறையில் தார் வாங்கிக் கொட்டகையின் கடல் பக்கம் முழுக்கப் பூசிவிட்டேன். உங்கள் அக்கா என்னைத் திட்டிக்கொண்டே ஏணியைப் பிடித்தாள். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். போகட்டும், கை கால் இருக்கிறது.

ஆனால் விருந்தாளிகள் கண்ணில் தார் படக் கூடாதாம். இன்று காலையிலிருந்து பெயின்டர் அதன்மேல் மறுபடியும் மஞ்சள் அடிக்கிறார். தாரின் மேல் மஞ்சள் நிற்காது என்கிறார்கள். நின்றுவிட்டால்?

இந்தக் கடிதம் உங்கள் கையில் இருந்தால் எனக்குக் கவலையே இல்லை. இல்லையென்றால் நான் யாரிடம் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் என்னைத் தின்கிறது.

எப்போதும் வீம்புக்கு, முடிந்தால் வாருங்கள் என்று எழுதுவேன். இந்தத் தடவை அப்படி எழுத மாட்டேன். வெள்ளைச் சுவரைப் பார்த்து வாருங்கள். நல்ல வெளிச்சத்தில் வாருங்கள். இருட்டிவிட்டால் வெளியிலேயே நங்கூரம் போட்டு நில்லுங்கள். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் திரும்பிப் போய்விடுங்கள். எத்தனை நாள் தாமதமானாலும் ஏன் என்று கேட்க மாட்டேன், சத்தியமாகக் கேட்க மாட்டேன். வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்களோடு இன்னும் வாழ்நாள் பூராவும் சண்டை போட வேண்டியிருக்கிற,
உங்கள் மனைவி